நூற்றெட்டுக் கிலோ

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதை ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் நீளமுடையது. உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரமும், அதனைப் பெரும்பாலான நாட்களில் மறைத்து நிற்கும் மூடுபனியும் உண்டு. நக்கிள்ஸ் மலைத்தொடரின் இப்பகுதியைக் காண வருவோர் காற்றையும் பிட்டவெல பத்தனைப் புல்வெளியையும் புகழ்ந்து திரும்புவர். யான் கூறவிருப்பது அவர்கள் வாகனத்தை நிறுத்தாத ஓரிடத்தைப் பற்றியாகும்.

உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த நீண்ட இடைக்காலத்தில், அவ்வழியிலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையிலே நான்கு மாதங்கள் தொண்டராசிரியனாக இருந்தேன். நானும் லயத்துப் பிள்ளைதான். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையிற் சித்திபெற்று மலையிறங்கியவன் என்பதே அங்கு எனக்கிருந்த ஒரே தகுதி. அரைச்சுவர்க் கட்டடம்; சாரல் அடித்தால் முன்வரிசைப் பிள்ளைகள் கொப்பியை மடியில் மறைத்துக்கொள்வர்.

ஒருநாள் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினேன்: "ஒரு பெண் நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து பறிக்கிறாள். ஆறு நாட்களில் எவ்வளவு பறிப்பாள்?" பிள்ளைகளின் சூழலிலிருந்தே வினாவை எடுத்துவிட்டேன் என்ற பெருமிதம் எனக்கு. யாவரும் 108 என்றனர். ஒரு சிறுவன் மட்டும் கொப்பியை வெறுமையாக வைத்திருந்தான். காரணம் கேட்டேன்.

"ஆறு நாளும் பதினெட்டு வராது சேர். மழையில கொழுந்து ஈரமா இருக்கும், தண்ணிக்குன்னு கழிப்பாங்க. சாக்குக்கும் கழிப்பாங்க. கொழுந்து கொறஞ்சா அரைப்பேர்தான். கழிக்கிறதுக்கு முந்தியா, பிந்தியா சேர் பதினெட்டு?"

வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். பின்னர் அவனுக்குச் சுழியம் இட்டேன்.

அன்று மாலை அவனுடைய தாயாரை நிறுவை மடுவத்தருகே சந்தித்தேன். கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்த அவர், நான் சொன்னதைக் கேட்டுப் பெருமைப்படவில்லை, அஞ்சினார். "கொழுந்துக் கணக்கு எங்களோட போகட்டும் தம்பி. அவனுக்குச் சோதனைக் கணக்கச் சொல்லிக் குடுங்க" என்றார். அதன்பின் நான் செய்தது அதைத்தான். கடந்தகால வினாத்தாள்களை வரிசையாகச் செய்வித்தேன். வினாவிலே இல்லாததை யோசிக்காதே, கொடுத்த எண்களை மட்டும் பார் என்று நாள்தோறும் கூறினேன். இரண்டு மாதங்களில் அவன் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டான். விடைகளும் சரியாக வந்தன.

பேராதனைக்கு வந்த இரண்டாம் ஆண்டில், ஜோர்ஜ் பொல்யா 1945இல் வெளியிட்ட, கணக்கைத் தீர்க்கும் வழி பற்றிய நூலைப் படிக்க நேர்ந்தது. (கலைப்பீட மாணவன் கணிதப் பகுதியிலே நூல் தேடுவது சற்றுக் கூச்சமாகவே இருந்தது.) அவர் கூறும் நான்கு படிகளுள் முதலாவது, வினாவை விளங்கிக்கொள்வது. தெரியாதது யாது, தரப்பட்டது யாது, தரப்பட்டது போதுமா என்று கேட்பது. திட்டமிடலும் செய்து முடித்தலும் திரும்பிப் பார்த்தலும் அதன் பின்னரே வருவன. முழு வகுப்பும் மூன்றாம் படியில் நின்று பெருக்கிக்கொண்டிருந்தபோது அச்சிறுவன் ஒருவனே முதற்படியில் நின்றிருந்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிரான்சின் கிரனோபிள் நகரில் 1980ஆம் ஆண்டையொட்டி ஆய்வாளர்கள் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வினாவைக் கேட்டனர். கப்பலில் 26 செம்மறிகளும் 10 ஆடுகளும் உள்ளன. மாலுமித் தலைவனின் வயதென்ன? 97 பேரில் 76 பேர் எண்களைக் கூட்டியோ வேறுவிதமாகச் சேர்த்தோ விடை கூறினர். அப்பிள்ளைகள் மந்தபுத்தியினர் அல்லர். ஆசிரியர் கேட்டால் விடையிருந்தே தீரும் என்று பாடசாலை அவர்களுக்குப் பழக்கியிருந்தது.

நம் நாட்டில் இது அறியப்படாத விடயமன்று. 1930களிலேயே பேராதனைக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவில், கன்னங்கரா அவர்களின் ஆதரவுடன், கிராம வாழ்க்கையையே பாடமாக்கும் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. 1997ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் ஆரம்பக் கல்வியை விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்பவற்றின்மீது அமைத்தது. புலமைப்பரிசில் பரீட்சையின் ஒரு வினாத்தாளே நுண்ணறிவை அளப்பதற்கென வந்ததுதான். அதற்கும் நாம் மாதிரி வினாத்தாள் அச்சிட்டு மனனம் செய்விக்கிறோம்! ஆயினும் அந்தத் தாயாரை என்னாற் குறைகூற இயலவில்லை. கிராமத்துப் பிள்ளைக்குக் கிராமத்துக் கல்வி என்றால், அது அவனைக் கிராமத்திலேயே கட்டிவைப்பதற்கோ என்ற ஐயம் ஹந்தெஸ்ஸத் திட்டத்தின் காலத்திலும் எழுந்ததே. தோட்டப் பாடசாலைகளை 1977 முதல் அரசு படிப்படியாகப் பொறுப்பேற்கும் வரை, பல தலைமுறைகள் கையெழுத்து வைக்கும் அளவோடு நிறுத்தப்பட்ட மக்கள் நாங்கள். மகன் மலையிறங்க ஒரே ஓர் ஏணி இருக்கையில், அது சரியான ஏணிதானா என்று ஆராய்வதற்கு அவருக்கு அவகாசமில்லை. எனக்கு இருந்தது. நானும் ஆராயவில்லை.

சிறுவன் சித்திபெற்றான். கடந்த விடுமுறையில் ரத்தோட்டைப் பஸ்ஸில் அவனைக் கண்டேன். இப்பொழுது நகரப் பாடசாலையொன்றில் எட்டாம் தரம்; என்னைக் கண்டதும் எழுந்து இடந்தந்தான். பேச்சோடு பேச்சாக அந்தக் கப்பற் கணக்கைக் கேட்டேன்.

"முப்பத்தாறு" என்றான் உடனே. பஸ் இரண்டு வளைவுகளைக் கடந்தது. யன்னலின் பனியைக் கையால் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"இது சோதனைக் கணக்கா சேர், இல்ல சும்மா கேட்டீங்களா?"