இழுக்காதே

கனடாவில் வாழும் நண்பர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவர் வளர்க்கும் லாப்ரடோர் குட்டி பந்தைக் கவ்வி வருகிறதாம். வாயிலிருந்து விடுவதுதான் இல்லையாம். எனக்கு எல்ல நினைவுக்கு வந்தது.

எல்லவுக்குக் கீழே ஒரு தோட்டத்தில் எங்கள் லயம். தாத்தா இளவயதில் வெள்ளைக்காரத் துரையின் வேட்டை நாய்களைப் பராமரித்தவர். ஊவாவில் வெள்ளையருக்கு வேட்டை ஒரு பித்து. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்து, 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரோஜர்ஸ், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவராகச் சொல்லப்படுபவர். பதுளையில் சென். மார்க்ஸ் தேவாலயம் அவர் நினைவாகவே எழுந்தது. (யானைகளுக்கு எவன் கோயில் கட்டினான் என்று தாத்தா கேட்பார்.) தாத்தாவின் துரை அவ்வளவுக்கு இல்லை, மாரியில் வயல்களில் வந்திறங்கும் உள்ளான்களோடு நிறுத்திக்கொண்டவர். விழுந்த பறவையை நாய் பல் பதியாமல் கொண்டுவந்து கையில் தரவேண்டும்.

1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு பொறுப்பேற்றது. துரை போனார், நாய்களும் போயின. 1980 அளவில், எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கையில், தாத்தா ஒரு நாட்டு நாய்க்குட்டியைப் பழக்கத் தொடங்கினார். உண்டிவில்லால் வீழ்த்தும் காட்டுப்புறா தேயிலைக்குள் விழுந்தால் தேடியெடுப்பது பெரும்பாடு. 1973-74 பஞ்சத்தில் தோட்டத்து மக்கள் பட்டினியால் இறந்ததைக் கண்டவர் அவர். ஒரு புறாகூட வீணாவதைப் பொறுக்கமாட்டார்.

சாக்குத்துணியைச் சுருட்டி, இறகு கட்டி வீசுவார். குட்டி கவ்வி வந்ததும் கழுத்துக் கயிற்றை மெல்லப் பிடித்தபடி அசையாமல் நிற்பார். எதிர்த்து இழுக்க ஆளில்லாவிட்டால் நாய்க்குச் சலித்துவிடும். பிடி தளரும் அந்தக் கணத்தில்தான் "குடு" என்பார், முன்னதாகச் சொல்லமாட்டார். உடனே தன் ரொட்டியில் ஒரு துண்டு. பிறகு சாக்குச் சுருளையும் அதனிடமே கொடுத்துவிடுவார். கொடுத்தது பறிபோகாது என்று குட்டி அறியவேண்டுமாம். துரை நாயின் உதட்டைப் பல்லோடு அழுத்தி வாயைத் திறக்கவைப்பாராம். தாத்தாவுக்கு அது பிடிக்காது. "வலிச்சா இன்னும் இறுக்கும்டா."

முதல் புறாவை வீழ்த்தியது நான். தாத்தா அருகில் இல்லை. தங்கைக்குக் காய்ச்சல் விட்டிருந்த நாள். அம்மா சூப்புக்கு மிளகு இடித்து வைத்திருந்தார். குட்டி கவ்வி வந்தது. எனக்குப் பொறுமையில்லை, இழுத்தேன். அதுவும் பின்னங்கால்களை ஊன்றி இழுத்தது. புறா இரண்டாகக் கிழிந்தது. பெரும்பாதியைக் குட்டி விழுங்கிவிட்டது. தடியெடுத்து அடித்தேன். அன்றுமுதல் எதைக் கவ்வினாலும் என்னைக் கண்டதும் தேயிலைக்குள் ஓடி மறைந்துவிடும். தங்கை வெறும் மிளகுத் தண்ணீர் குடித்தாள்.

தாத்தா திட்டவில்லை. "நாய் சரியாத்தான் இருக்கு. நீ ஒன் கையப் பழக்கு" என்றார். மூன்று வாரம், மாலைதோறும், லயத்து வாசலில் கையை மடியில் வைத்தபடி உட்காரவைத்தார். ரொட்டித் துண்டு இப்போது என் பங்கிலிருந்து போயிற்று. இரவில் பசித்தது. ஒருநாள் குட்டி சாக்குச் சுருளை என் மடியில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. "குடு" என்று நான் சொல்லியிருக்கவில்லை.

பந்தை இழுக்கவேண்டாம், துரத்தவேண்டாம், பையில் தின்பண்டம் இருக்கட்டும் என்று நண்பருக்கு எழுதினேன். எத்தனை நாளாகும் என்று கேட்டு மறுமொழி வந்திருக்கிறது. பந்துதானே, அவசரமில்லை என்று எழுதவேண்டும்.