மூணு சென்டிமீட்டர் பஞ்சாயத்து

கழனி, மாடு, ஏரித்தண்ணி, நவரைப் பட்டம் என்று எழுதிக்கொண்டிருக்கிறவன் இந்த வாரம் காரைப் பற்றி எழுதுகிறேன். காருக்கும் கழனிக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறவங்க கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சம்பந்தம் இருக்கு. அது எங்க ஊர் மண்ரோட்டில் இருக்கு.

என் தம்பி மகன் ஐடிஐ முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருக்கிறான். ஷிப்டு வேலை. ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசில் போன வருஷம் ஒரு பழைய மிட்சுபிஷி லான்சர் வாங்கினான். 2003 மாடல், டீசல். இந்தக் காருக்கு நம்ம மாவட்டத்தோடு ஒரு உறவு உண்டு. 1998இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி திருவள்ளூர் பக்கம் அதிகத்தூரில் தொழிற்சாலை வைத்துத்தான் லான்சரைத் தயாரித்தது. அம்பாசடர் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் பிறந்தது, லான்சர் நம்ம ஊர்ப் பிள்ளை. அதே தொழிற்சாலையில்தான் இப்போது சிட்ரோன் கார்கள் தயாராகின்றன.

காரை வாங்கி நாலு மாசம் ஆனதும் பையன் வந்து நின்றான்.

"பெரியப்பா, வண்டியை கொஞ்சம் இறக்கப் போறேன்."

"எங்கடா இறக்கப்போற? கிணத்திலயா?"

"இல்ல பெரியப்பா. ஸ்பிரிங்கை மாத்தி உயரத்தைக் குறைக்கறது. லோயரிங் ஸ்பிரிங்னு சொல்லுவாங்க."

எனக்குச் சட்டென்று கோபம் வரவில்லை. ஏன் என்றால் வண்டி தாழ்வாக இருந்தால் என்ன நன்மை என்று மாட்டுவண்டி ஓட்டியவனுக்குத் தெரியும். வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டியையும் மணல் ஏற்றிய வண்டியையும் ஒரே திருப்பத்தில் திருப்பிப் பாருங்கள். வைக்கோல் வண்டி சாயும், மணல் வண்டி சாயாது. பாரம் எவ்வளவு கீழே இருக்கோ அவ்வளவு நிதானம். காருக்கும் அதே கணக்குதான். நம்ம பக்கத்துச் சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. ஆங்கில 'டி' எழுத்து மாதிரி இருக்கும். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் வருகிற வரைக்கும் மெட்ராஸ்காரர்களின் கார் ரேஸ் அங்கேதான். எங்க அப்பா சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்தவர். "ஃபியட் காரை தரையோட தேய்ச்ச மாதிரி இறக்கி வச்சிருப்பானுங்க" என்று சொல்லுவார். ஆக இது பையன் கண்டுபிடித்த பைத்தியம் இல்லை, பழைய பைத்தியம்.

ஆனால் சோழவரம் ஓடுதளம் வேறு, எங்க ஊர் ரோடு வேறு. மெயின் ரோட்டிலிருந்து எங்க தெருவுக்கு ஏரிக்கரையை ஒட்டி முக்கால் கிலோமீட்டர் மண்பாதை. சம்பாவுக்குச் சேடை ஓட்டுகிற நாளில் கேஜ்வீல் மாட்டிய டிராக்டர் அதில் போய் வந்தால் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் முதுகு மாதிரி மேடு. ஐப்பசி மழையில் அது இன்னும் மோசம். காரின் அடிவயிற்றில் ஆயில் சம்ப் இருக்கிறது. அது மேட்டில் இடித்து உடைந்தால் ஆயில் எல்லாம் ரோட்டில். அதற்குப்பிறகு ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலும் இன்ஜின் சீஸ்.

இன்னொன்று. ராத்திரியில் எங்க தெருவில் வெளியே எடுக்கிற மாதிரி இருக்கிற கார் அது ஒன்றுதான். பிரசவ வலி, பாம்புக்கடி, எங்க அம்மாவுக்கு மூச்சிரைப்பு, எதுவாக இருந்தாலும் முதலில் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அவன் ஒரு நாளும் முகம் சுளித்தது கிடையாது. அதைச் சொல்லித்தான் கேட்டேன்: "டேய், கார் உன்னுது. ஆனா அவசரம் தெருவோடது. என்ன பண்ணலாம், நீயே சொல்லு."

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய் டேப் எடுத்து வந்தான். ஃபிட்டர் இல்லையா, வாயால் பேசுவதை விட அளந்து பேசுவது அவனுக்குச் சுலபம்.

அளந்த கணக்கு இது. ஆள் இல்லாமல் நிற்கும்போது சம்ப்பின் அடிக்கும் தரைக்கும் 17 செ.மீ. ஐந்து பேர் உட்கார்ந்தால் 13. எங்க தெரு வேகத்தடை 9 செ.மீ. (இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லுகிற அளவு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அந்த அகலத்துக்கு வண்டி மெதுவாக ஏறி இறங்கும். எங்க தெருவில் இருக்கிறது பாய் சுருட்டிப் போட்ட மாதிரி.) மண்பாதையின் நடுமேடு வெயில் காலத்தில் 7, அடைமழையில் 12.

அவன் முதலில் நினைத்தது 6 செ.மீ. இறக்க. ஐந்து பேரோடு 7, 8 தான் மிஞ்சும். வேகத்தடையிலேயே உட்கார்ந்துவிடும். 3 செ.மீ. இறக்கினால்? புது ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பு என்பதால் பாரத்துக்கு அமுங்குவது குறையும். ஐந்து பேரோடு பத்தரை செ.மீ. வரும். வெயில் காலத்துக்குச் சரி. மழைக்கு ஒன்றரை செ.மீ. போதாது. பழைய ஸ்பிரிங்கில் மழையிலும் ஒரு செ.மீ. மிச்சம்.

கணக்கே தீர்ப்பு சொல்லிவிட்டது. 3 செ.மீ. மட்டும் இறக்குவது. பழைய ஸ்பிரிங்கைக் காயலான் கடைக்குப் போடாமல் கிரீஸ் தடவி பரணில் வைப்பது. புரட்டாசி முடிவதற்குள் அதைத் திரும்ப மாட்டுவது. தை பிறந்தால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். செலவு மிச்சம் பிடிக்க, இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை அறுத்துவிடு, இல்லை கேஸ் வைத்துச் சூடு காட்டி உட்கார வை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். சுற்றின் எண்ணிக்கை குறைந்தால் விறைப்பு கூடும். எட்டுச் சுற்றில் ஒன்றை அறுத்தால் ஏழில் ஒரு பங்கு கூடுகிறது. அதைவிட, ஸ்பிரிங்கின் நுனி அதற்கென்று இருக்கிற தட்டில் படிந்து உட்காராது, பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது நழுவும். சூடு காட்டுவது இன்னும் ஆபத்து. ஏன் என்று எங்க ஊர் கொல்லுப்பட்டறையில் கேட்டால் சொல்லுவார்கள். லாரிப் பட்டையை வாங்கித்தானே அருவாள் அடிக்கிறார்கள்? பழுக்கக் காய்ச்சித் தானாக ஆறவிட்டால் பட்டை வெறும் இரும்பு. மறுபடி காய்ச்சித் தண்ணியில் தோய்த்துப் பதம் ஏற்றினால்தான் அருவாள். ஸ்பிரிங்கின் உயிரும் அந்தப் பதத்தில்தான். புதுசாகச் செய்த லோயரிங் ஸ்பிரிங் அப்படி இல்லை. உயரம் குறைவு, கம்பி தடிமன் அதிகம். கம்பியின் தடிமன் பத்தில் ஒரு பங்கு கூடினாலே விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆகிவிடும். அதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நெல் காயவைக்கிற சிமெண்டு களத்தில் வேலை நடந்தது. மண் தரையில் ஜாக்கி வைத்தால் புதையும், அதனால் களம். ஜாக்கியால் தூக்கி, இரும்பு ஸ்டாண்டில் உட்கார வைத்து, ஆட்டிப் பார்த்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்றினான். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகாதீர்கள்.

லான்சரில் முன்பக்கம் ஸ்ட்ரட். ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங், மேலே ஒரு மூடி, நடுவில் ஒரே ஒரு நட்டு. அந்த நட்டு சாதாரணம் இல்லை. உள்ளே அமுங்கியிருக்கிற ஸ்பிரிங் இரண்டு மூன்று நெல் மூட்டைப் பாரத்துக்குச் சமமாக மேலே உந்திக்கொண்டிருக்கும். அப்படியே கழற்றினால் மூடி முகத்துக்கு வரும். ஸ்பிரிங் கம்ப்ரெசர் என்று இரண்டு கொக்கி போட்ட திருகு இருக்கிறது. எதிரெதிரே மாட்டி, இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். அந்த நேரத்தில் பையன் யாரையும் பக்கத்தில் விடவில்லை. என்னையும்தான். "பெரியப்பா, நீங்க வேப்பமரத்தாண்ட போய் நில்லுங்க" என்றான். போய் நின்றேன். சின்ன வயசில் களத்தில் போரடிக்கும்போது மாட்டுக்கால் பக்கம் வராதே என்று அவனை நான் விரட்டிய ஞாபகம் வந்தது.

நாலு ஸ்பிரிங், பம்ப் ஸ்டாப் ரப்பர் நாலும் புதுசு. கை போல்ட்டுகளைக் கடைசி இறுக்கு இறுக்கியது வண்டியைத் தரையில் இறக்கிய பிறகுதான். தொங்கும்போது இறுக்கினால் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். மறுநாள் கும்மிடிப்பூண்டியில் வீல் அலைன்மென்ட். உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் மாறும், பார்க்காமல் விட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். ஹெட்லைட்டையும் சரி பார்த்தார்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆவது பிரிவுப்படி ஆர்.சி.யில் இருக்கிற விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஆகவே எதையும் தொடும் முன் ஆர்.டி.ஓ. ஆபீசிலும் இன்சூரன்ஸிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோடை முழுக்க ஓட்டினான். ஒருநாள் தச்சூர் கூட்டுரோடு வரைக்கும் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். வளைவில் சாயவில்லை, உண்மைதான். இடுப்புக்குத்தான் கொஞ்சம் கஷ்டம்.

புரட்டாசி மூன்றாம் வாரம் நான் ஞாபகப்படுத்தலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நைட் ஷிப்டு முடித்து வந்தவன் தூங்காமல் பரணில் ஏறிப் பழைய ஸ்பிரிங்கை இறக்கிக்கொண்டிருந்தான்.

கார்த்திகையில் பிச்சாட்டூர் ஏரியைத் திறந்துவிட்டு ஆரணியாறு நிறையப் போன வாரம், எதிர் வீட்டு அக்காவை வரப்பில் பாம்பு கடித்துவிட்டது. ராத்திரி எட்டரை மணி. பின் சீட்டில் மூன்று பேர், முன்னால் நான். நடுமேட்டில் ஒரு இடத்தில் அடியில் சேறு உரசுகிற சத்தம் கேட்டது. இடி இல்லை, உரசல்தான். பொன்னேரி அரசு மருத்துவமனையில் விஷமுறிவு ஊசி போட்டார்கள். நாலாம் நாள் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார்.

திரும்பி வரும்போது யாரும் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசவில்லை. பொங்கலுக்கு மறுநாள் மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடித்துக்கொண்டிருந்தேன். பையன் வந்து, "பெரியப்பா, நாளைக்குக் களம் காலியா இருக்குமா?" என்று கேட்டான்.

"நெல்லை ஓரமா தள்ளிக்கடா" என்றேன்.