மார்த்தாண்டத்தில் வாங்கிய தேன்

நாகர்கோவிலில் என் நாத்தனார் பேரனுக்குப் பெயர் சூட்டும் விசேஷம். பிள்ளை நாக்கில் தடவ நல்ல தேன் வேண்டுமென்று பேச்சு வந்ததும், "நானே மார்த்தாண்டம் போய் வாங்கி வருகிறேன்" என்று பஸ் ஏறிவிட்டேன்.

மாசி மாதம். ஊரைத் தாண்டினால் ரப்பர் தோட்டங்கள். செம்பு நிறத்தில் புதுத் தளிர். 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. நிலையத்தில் கற்றுக்கொடுத்த தேனீ வளர்ப்பு, இங்கே வீட்டுத் தொழிலாகவே ஊன்றிவிட்டது.

தேன் எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் சிரித்தார். "எல்லாரும் பூத்தேனுன்னு சொல்லுவாவ எக்கா. இது இலைத்தேனாக்கும்!" நிஜம்தான். ரப்பர் தளிரின் காம்பு நுனியில் கசியும் இனிப்பைத்தான் ஈக்கள் எடுக்கின்றன. லேசாகப் புகை போட்டு, அடையுள்ள சட்டத்தை எடுத்து, மெழுகு மூடியைக் கத்தியால் சீவி, டிரம்மில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றுகிறார். தேன் தெறித்து வடிகிறது. அடை உடையாமல் திரும்பப் பெட்டிக்கே போகிறது. மூடாத அடையில் தண்ணீர் அதிகம், அந்தத் தேன் புளித்துவிடுமாம். 1991-92-ல் வைரஸ் நோய் வந்து அவர் அப்பாவின் பெட்டிகளெல்லாம் காலியான கதையும் சொன்னார்.

பெருமையாகப் பாட்டிலோடு திரும்பினால், பிள்ளை பெற்றவள் "டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்கார் அத்தை" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நாமெல்லாம் தேன் தொட்டு வளரவில்லையா? டாக்டரிடம் நானே கேட்டேன்.

எவ்வளவு சுத்தமான தேனிலும் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாமாம். நமக்கு ஒன்றும் செய்யாது. ஒரு வயது ஆகாத குழந்தையின் குடலில் மட்டும் அவை முளைத்து நஞ்சு சுரக்கக்கூடும். மலச்சிக்கல், பால் உறிஞ்ச முடியாமை, கழுத்து துவளுதல், கடைசியில் மூச்சே முட்டும். அரிதுதான், ஆனால் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. ஒரு வயதுக்கு மேல் இரவு இருமலுக்கு அரை ஸ்பூன் தாராளமாகக் கொடுக்கலாம் என்றார். (சர்க்கரை வியாதிக்காரர்களுக்குத் தேனும் சர்க்கரைதான், என் வீட்டுக்காரர் கேட்பதில்லை!)

பெயரைக் காதில் சொன்னதோடு சரி, நாக்கில் எதுவும் வைக்கவில்லை. பெரியவர்களில் இருவருக்கு இன்னும் வருத்தம்.

பாட்டில் என் அலமாரியில் இருக்கிறது. அடியில் உறைந்து கல்கண்டு மாதிரி ஆகிவிட்டது. கலப்படமில்லை, நல்ல தேனும் உறையும். கை பொறுக்கும் வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் இளகிவிடும். பிள்ளைக்கு ஆண்டு நிறைவு வரட்டும் என்று அப்படியே வைத்திருக்கிறேன்.