உத்தனப்பள்ளியில் வழுக்கிய கிளட்ச்

1980-ல டி.வி.எஸ். 50 பிறந்த ஓசூரில் இருந்து ராயக்கோட்டை ரோட்டைப் பிடித்தேன். பைக்கில் புது கிளட்ச் பிளேட், முதல் நாள் ஹாஸ்டலில் நானே மாட்டியது. மெஸ் பணம் மொத்தமும் காலி! தக்காளி லாரியை ஓவர்டேக் பண்ண முறுக்கினால், இன்ஜின்தான் கத்துது. வண்டி வேகம் பிடிக்கலை. எதிரே பஸ். எப்படியோ லாரி பின்னாடி ஒதுங்கினேன்.

உத்தனப்பள்ளியில் ஒரு மெக்கானிக் அண்ணன். போனில் தெலுங்கு, உதவிப் பையனிடம் கன்னடம், என்னிடம் தமிழ். (எல்லை ஊர் பாஸ்!) லீவரை அசைத்துப் பார்த்தார். "ப்ளே சரியா இருக்கு, கேபிள் டைட் இல்ல. ஆயில் எது ஊத்துன தம்பி?"

மாமா காருக்கு வாங்கியதில் மிச்சம். சொல்லவே கூச்சமா இருந்தது.

"கார்ல கிளட்ச் வெளிய காஞ்சு கிடக்கும். உன் வண்டில இன்ஜின் ஆயில்லயே ஊறுது. மைலேஜுக்காக வழவழப்பு மருந்து கலந்த கார் ஆயில் ஊத்தினா, பிளேட் எப்படிப் பிடிக்கும்? டப்பால 'ஜாசோ எம்.ஏ.' இருக்கான்னு பாரு."

உராய்வு பற்றி செமஸ்டரில் பக்கம் பக்கமாக எழுதினவன் நான்!

ஆயிலை மாற்றினார். "50 கிலோமீட்டர் ஓட்டு. அப்பவும் வழுக்கினா பிளேட்டையே மாத்தணும்."

இதை எழுதும்போது 38 ஆகியிருக்கு.