சுளையும் சடையும்

பலாப்பழம் ஒரு பழமன்று, ஓர் ஊர். தாவரவியல் இதைக் கூட்டுக்கனி என்கிறது. பெண் கதிரில் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் நெருங்கி இருக்கின்றன. மகரந்தம் கிடைத்த பூ சுளையாகிறது; கிடைக்காத பூ நாரைப் போல நீண்டு சடையாகிறது. சுளையைத் தின்றுவிட்டுச் சடையை மாட்டுக்குப் போடும் நாம், அந்தச் சடை ஒவ்வொன்றும் காத்திருந்து ஏமாந்த ஒரு பூ என்று நினைப்பதில்லை. நாங்களும் 2018 வரை நினைத்ததில்லை.

கறம்பக்குடி, வடகாடு, கீரமங்கலம், ஆலங்குடி என்று நீளும் எங்கள் செம்மண் பூமியில் பலா நடுவது யாரும் யோசித்துச் செய்யும் காரியமாக இருந்ததில்லை. தின்று போட்ட கொட்டை முளைக்கும்; பேரன் காலத்தில் மரமாகும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயல் எங்கள் பக்கம் வந்து போனபோது அந்த நம்பிக்கையும் வேரோடு சாய்ந்தது. தென்னை போனதற்கு ஊரே அழுதது. பலாவுக்கு அழுகை சற்றுத் தாமதமாக, அடுத்த கோடையில் வந்தது.

எங்கள் கொல்லையில் விழுந்தது தாத்தா நட்ட மரம். வேரிலேயே காய்க்கும். கபிலர் குறுந்தொகையில் பாடிய பலாவும் வேரில் காய்ப்பதுதான் என்று நாங்கள் பெருமை பேசிக்கொண்ட மரம். கார்த்திகை பிறக்கும் வேளை. பழம் இல்லை, ஆகவே கொட்டையும் இல்லை. முந்தைய கோடையின் கொட்டைகள் எங்காவது கிடந்திருந்தாலும் பயனில்லை. பலாக்கொட்டை நெல்லைப் போல உறங்கத் தெரியாதது, உலர்ந்தால் செத்துவிடும். கொட்டை கிடைத்து முளைத்தாலும் அது தாய் மரமாகாது. பாதி இந்த மரம், பாதி எங்கிருந்தோ வந்த மகரந்தத்தின் மரம். அதே பழம் வேண்டுமானால் ஒட்டுக் கட்டுவதொன்றே வழி.

மூன்றாம் நாள், விழுந்து கிடந்த மரத்தில் வாடாத நுனிக் கிளைகளை வெட்டி ஈரச்சாக்கில் சுற்றினோம். "போன உசுர இழுத்துப் புடிக்கப் பாக்குறிய, சரி, புடிங்கப்பா" என்றார் அப்பாயி. பக்கத்து ஊரில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த ஒருவர், தம் கூரையும் போயிருந்த நிலையில், பன்னிரண்டு இளங்கன்றுகளின் தலையைச் சீவிப் பிளந்து, எங்கள் குச்சிகளை ஆப்பு போலச் செதுக்கிச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுகக் கட்டிக் கொடுத்தார். பட்டையும் பட்டையும் ஒன்றையொன்று தொட வேண்டும்; காற்றும் நீரும் நடுவில் புகக் கூடாது. மூன்று தழைத்தன. ஒன்று இன்று இருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். கஞ்சாச் செடியைத் தாவரவியலாளர் பலர் முன்பு பலாவும் முசுக்கட்டையும் சேர்ந்த குடும்பத்திலேயே வைத்திருந்தனர், பின்னரே பிரித்தனர். பலாவில் ஆணும் பெண்ணும் ஒரே மரத்தில் வெவ்வேறு கதிர்கள். கஞ்சாவில் பெரும்பாலும் வெவ்வேறு செடிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்தில் அரசு உரிமத்தோடு கஞ்சா பயிரிட்ட வயல்களில், ஆண் செடியை இனங்கண்டு பிடுங்கி எறிவதற்கென்றே தேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். பெண் பூ விதை பிடித்துவிட்டால் சரக்கின் வீரியம் குறையும் என்பதே காரணம். 1893-94இல் அரசு அமைத்த சணல் போதைப்பொருள் விசாரணைக் குழு இவற்றையெல்லாம் விரிவாகப் பதிந்தது. இன்று 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டில் ஒரு செடி வளர்த்தாலும் குற்றம். அந்தப் பயிரில் பூவை ஏங்கவைப்பதே வேளாண்மை. பலாவிலோ ஏங்கிய பூ வெறும் சடை.

இதை எங்களுக்குக் கற்பித்தது 2023இல் வந்த முதல் காய். ஒரு பக்கம் புடைத்து, மறுபக்கம் சூம்பி, கோணிக்கொண்டு நின்றது. அறுத்தால் பத்தொன்பது சுளை. மீதி முழுக்கச் சடை. ஒட்டு பிழையில்லை, சுளையில் தாத்தா மரத்தின் அதே தேன்மணம். குறை சுற்றுப்புறத்தில் இருந்தது. இளமரத்தில் ஆண் கதிர் அதிகமில்லை. இருந்த சிலவும் பெண் கதிர் விரியுமுன் உதிர்ந்தன. முன்பென்றால் அண்டை வீட்டு மரங்கள் அந்தக் குறையைத் தீர்த்திருக்கும். அவை புயலில் போய்விட்டன. பலாவில் மகரந்தம் சுமப்பது கொசுவினும் சிறிய ஒரு பூச்சி என்று ஃபுளோரிடாவில் நடந்த ஆய்வொன்று 2018இல் வெளிவந்தது. இங்கே எந்தப் பூச்சியானாலும், சுமப்பதற்கு ஏதேனும் இருக்க வேண்டுமல்லவா?

ஆகவே 2025 தையில் அந்த வேலையை நாங்களே ஏற்றோம். அடிக்காம்பு தடித்து வளையம் இருந்தால் பெண். மெலிந்து வழவழப்பாக இருந்தால் ஆண். மூன்று தெரு தள்ளிப் புயலுக்குத் தப்பிய ஒரு மரத்திலிருந்து, மஞ்சள் பொடி பூத்த ஆண் கதிர்களைக் கேட்டு வாங்கினோம். பெண் கதிரில் மயிரிழை போன்ற சூல்முடிகள் நீட்டியதும், அந்தக் கதிர்களைச் சுற்றிலும் மெல்லத் தடவினோம். பூக்கள் ஒரே நாளில் விரிவதில்லை. ஒரு வாரம் காலைதோறும் தடவ வேண்டியிருந்தது.

ஆனியில் முள் அகன்று தட்டையானது. காம்பை ஒட்டிய இலை பழுத்தது. தட்டினால் மந்தமான ஓசை. கையில் எண்ணெய் பூசிக்கொண்டு அறுத்தோம். நூற்று முப்பத்தேழு சுளைகள். அப்பாயி எண்ணச் சொன்னார், எண்ணினோம்.

இழந்த மரத்தை ஒட்டு திருப்பித் தந்தது உண்மை. ஆனால் ஒரு மரத்தைக் காப்பாற்றினால் ஒரு மரம்தான் மிஞ்சுகிறது. அது காய்க்க ஒரு தோப்பு வேண்டும். அந்தக் கொட்டைகளை உலரவிடாமல் அந்த வாரமே தெருவில் பங்கிட்டோம். முளைப்பவை எங்கள் மரமாக இருக்கப்போவதில்லை. பாதி அந்த மூன்றாம் தெருவினுடையவை. எங்கள் மரத்துக்குத் தேவைப்படுவதும் அதுதான்.