பழசு 3306, புதுசு 3307

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றின் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலைகளில் ஒன்று. சர்வர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அக்கவுன்ட்ஸ் மேசைக்குக் கீழே, யுபிஎஸ்ஸை ஒட்டி, உபுண்டு 18.04 ஓடும் 16 ஜிபி நினைவகப் பெட்டி. பெருக்க வரும் அம்மா துடைப்பத்தைச் சாய்த்து வைக்க வசதியான உயரம்.

அதில் பல வருடமாக மைஎஸ்கியூஎல் 5.7. அதன் மேல் யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பில்லிங், ஸ்டாக் மென்பொருள். எழுதியவரின் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. பிஎச்பி கோப்புகள் பூட்டப்பட்டவை. திறந்து ஒரு வரி மாற்ற முடியாது. 2022-இல் புது மென்பொருள் வாங்கினார்கள். அது மரியாடிபி 10.6 வேண்டும் என்றது. விண்டோ ஃபங்ஷன் போன்றவை 5.7-இல் கிடையாது, மரியாடிபியில் 10.2 முதலே உண்டு. கேட்டது நியாயம்தான். இரண்டும் சில மாதம் சேர்ந்து ஓட வேண்டும், அதுவரை பழசை நிறுத்த முடியாது.

"தனியா ஒரு மெஷின் வாங்கிடலாம் சார்" என்றேன்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்கு தம்பி? அதுலயே எடம் இருக்குல்ல. ஓரமா போட்டுடுங்க."

இந்த "ஓரமா" என்ற சொல்தான் என் தொழிலின் பாதி. பழைய டேட்டாபேஸ் சர்வரைத் தொந்தரவு செய்யாமல் அதன் ஓரமாக இன்னொன்று. அதுவும் வேறு குடும்பத்துச் சர்வர் என்றால் கவலையில்லை. ஆரக்கிளையும் போஸ்ட்கிரஸ்ஸையும் ஒரே பெட்டியில் போட்டால் ஒன்றை ஒன்று திரும்பிக்கூடப் பார்க்காது. மைஎஸ்கியூஎல்லும் மரியாடிபியும் அக்கா தங்கை. பெயரளவில் அல்ல, நிஜமாகவே. பின்லாந்துக்காரர் மைக்கேல் விடேனியஸ் 1995-இல் வெளிவந்த தன் டேட்டாபேஸுக்கு மகள் மையின் பெயரை வைத்தார். 2008-இல் அது சன் கம்பெனிக்குப் போயிற்று. சன்னை ஆரக்கிள் வாங்கப்போகிறது என்று 2009-இல் தெரிந்ததும், அதே கோடிலிருந்து கிளை பிரித்து, இளைய மகள் மரியாவின் பெயரில் அடுத்ததைத் தொடங்கினார். நடுவில் மேக்ஸ் என்று ஒரு மகன். அவன் பெயரிலும் மேக்ஸ்டிபி என்று ஒன்று இருந்தது. வீட்டில் ஆளுக்கொரு டேட்டாபேஸ்.

ஒரே அப்பாவின் பிள்ளைகள் என்பதால் பழக்கங்களும் ஒன்றே. இருவருக்கும் 3306-தான் போர்ட். இருவரும் தேடுவது ஒரே இடத்துக் கான்ஃபிக் கோப்பை. டேட்டாவைப் போட்டுவைக்கும் டைரக்டரியும் ஒன்றே. உபுண்டுவின் ஆப்ட்டிடம் மரியாடிபி சர்வரைக் கேட்டுப் பாருங்கள்: மைஎஸ்கியூஎல் சர்வரை எடுத்துவிடுகிறேன், சரியா என்று கேட்கும். அந்தக் கேள்வி திரையில் நீளமான பட்டியலுக்கு நடுவே வரும். அவசரத்தில் ஒய் அடித்தவர்களை எனக்குத் தெரியும். ஆகவே ஆப்ட் பக்கமே போகாமல், டார் கோப்பாக இறக்கி, ஆப்ட் கை வைக்காத ஓர் இடத்தில் விரித்துவைப்பதே வழி.

அப்புறம் யார் 3306, யார் 3307 என்ற பேச்சு வந்தது. புது மென்பொருள் விற்றவர்கள், எங்களுடையதுதான் இனி முதன்மை, 3306-ஐ எங்களுக்கே கொடுங்கள் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. காரணத்தைச் சொல்ல எங்கள் ஊர்க் கதைதான் வசதி. திருநின்றவூரில் பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கல் கல்லாகக் கோயில் கட்டி, குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் காடவர் கோமானும் தன் கற்கோயிலுக்கு நாள் குறித்திருந்தான். சிவன் அரசன் கனவில் வந்து, அன்று நான் நின்றவூருக்குப் போக வேண்டும், நீ நாளைத் தள்ளி வை என்றார் என்பது பெரியபுராணம். ஹிருதயாலீஸ்வரர் கோயில் வாசலில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பக்தியின் பெருமையைச் சொல்வார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு: ஆள், பணம், அதிகாரம் எல்லாம் கையில் இருந்ததால் அரசனால் நாளை மாற்ற முடியும். மாற்ற முடிந்தவன்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். பூட்டிய பிஎச்பிக்கு 3306-ஐத் தவிர வேறு உலகம் தெரியாது. எடைமேடைக் கணினியும் நேராக அங்கேதான் வந்து எழுதும். புதுசுக்கோ கான்ஃபிக்கில் ஒரே வரி. ஆகவே அது 3307.

போர்ட் ஒன்றை மாற்றிவிட்டால் பிரித்துவிட்டோம் என்று நினைப்பவர்கள் நிறைய. போர்ட் மோதினால் நல்லது என்பேன். இரண்டாவது சர்வர் எழுந்திருக்காது, லாகில் காரணத்தைக் கத்திச் சொல்லும், திருத்திவிடலாம். சத்தமில்லாமல் பகிர்ந்துகொள்ளும் விஷயங்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். முதலில் கான்ஃபிக். எங்கோ ஒதுக்குப்புறமாக விரித்துவைத்த மரியாடிபியை எதுவும் சொல்லாமல் கிளப்பினால், அது நேராகப் போய் அக்காவின் கான்ஃபிக்கைப் படிக்கும். அதில் எழுதியிருக்கும் டேட்டா டைரக்டரியைத் தன்னுடையது என்று நம்பும். அக்கா விழித்திருந்தால் பிழைத்தோம். இன்னோடிபி கோப்புக்குப் பூட்டுப் போட்டிருக்கும், தங்கை உள்ளே நுழைய முடியாது. அக்காவை ஏதோ வேலையாக நிறுத்திவைத்திருந்தால்? 5.7-இன் கோப்புகளை மரியாடிபியால் திறக்க முடியும். திறந்து, தன் வழக்கப்படி எழுதத் தொடங்கும். அதன்பின் அக்கா வந்தால் அவள் பீரோவின் சாவி அவளுக்கே சேராது.

டிஃபால்ட்ஸ்-ஃபைல் என்ற ஆப்ஷனால் தனிக் கான்ஃபிக்கைக் காட்ட வேண்டும். அது கட்டளையில் முதலாவதாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு விசித்திரம். இரண்டாவதாகப் போட்டால், இப்படி ஒரு வேரியபிளே எனக்குத் தெரியாது என்று சாதிக்கும். முதல்முறை இதில் மாட்டி ஒரு மதியம் போயிற்று. அந்தக் கோப்பில் போர்ட், சாக்கெட், டேட்டா டைரக்டரி, பிஐடி கோப்பு, எரர் லாக், தற்காலிக டைரக்டரி என்று ஒவ்வொன்றாக எழுதினேன். எதை எழுதாமல் விடுகிறோமோ அதில் அக்காவின் கை இருக்கும் என்று பயந்துகொண்டே எழுத வேண்டும். லினக்ஸ் பயனர்களும் இரண்டு, ஒன்றின் கோப்பை மற்றது தொடாதபடி.

நினைவகத்தைப் பற்றி இரண்டே வரி. இன்னோடிபி பஃபர் பூலுக்கு மெஷினின் நினைவகத்தில் 70, 80 சதவீதம் கொடு என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அது ஒரே ஒரு டேட்டாபேஸ் குடியிருக்கும் மெஷினுக்கு. இரண்டு பேருக்கும் அப்படிக் கொடுத்தால் ஒருநாள் லினக்ஸ் கெர்னலே பெரிய ஆளாகப் பார்த்துக் கொன்றுவிடும். நான் பழசுக்கு 4 ஜிபி, புதுசுக்கு 6 ஜிபி கொடுத்தேன். பேக்கப்பும் அப்படித்தான்: பழசுக்கு இரவு 1 மணி, புதுசுக்கு 3 மணி. டிஸ்க் ஒன்றுதானே.

"டாக்கரில் போட்டிருக்கலாமே" என்று என்னோடு ரயிலில் வரும் பையன் கேட்டான். போட்டிருக்கலாம். கான்ஃபிக், சாக்கெட், டைரக்டரித் தலைவலிகள் பெரும்பாலும் போயிருக்கும். ஆனால் நான் இல்லாத நாளில் அந்த அலுவலகத்தில் யாராவது சர்வரை நிறுத்திக் கிளப்ப வேண்டியிருந்தால், அவர்களுக்குப் பரிச்சயமான மாதிரியே இருக்கட்டும் என்று நினைத்தேன். இது பிடிவாதமா விவேகமா என்பதில் அவனுக்கும் எனக்கும் ஆவடி தாண்டியும் தகராறு தீரவில்லை.

இனி என் தவறு.

டேட்டாவைப் பழசிலிருந்து புதுசுக்கு மாற்றிப் பார்க்கும் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பழசில் சப்ளையர் பெயர்களும் சரக்குப் பெயர்களும் தமிழில் இருந்தன, ஆனால் லத்தீன்-1 என்று அறிவிக்கப்பட்ட காலங்களில் (டேபிளின் நெடுவரிசைகளில்). "தமிழ்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் 5. யுடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. லத்தீன்-1 காலமோ ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாக எண்ணி 15 எழுத்து என்று சொல்லும். அப்படியே புதுசுக்கு அனுப்பினால், அது நல்லெண்ணத்தோடு அந்த 15 "எழுத்தையும்" யுடிஎஃப்-8 ஆக்கி, திரையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளைக் கொட்டும். லத்தீன்-1 என்றே சொல்லி டம்ப் எடுத்து, யுடிஎஃப்8எம்பி4 என்று சொல்லி ஏற்ற வேண்டும். எந்த டேபிளில் எப்படி இருக்கிறது என்று தெரியாததால் ஏற்றுவதும், பார்ப்பதும், காலிசெய்து மறுபடி ஏற்றுவதுமாக நான்கு இரவுகள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடியதன் பெரிய லாபம் இதுதான்: ஒரே வரிசையை இரண்டு ஜன்னலில் வைத்து ஒப்பிடலாம்.

நான்காம் இரவு. திருநின்றவூரில் வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போயிருந்தேன். வெளியே மழை, தவளைச் சத்தம். புதுசின் ஸ்டாக் டேபிளைக் காலிசெய்ய வேண்டும். எப்போதும் புதுசின் சாக்கெட் கோப்பைக் காட்டித்தான் போவேன். அன்று சோம்பலில், ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 3307 என்று அடித்தேன். உள்ளே விட்டது. இரண்டிலும் டேட்டாபேஸ் பெயர் ஒன்று, பாஸ்வேர்டும் ஒன்று. அதுவும் என் சோம்பல்தான். ட்ரங்கேட் கொடுத்தேன். கண் சிமிட்டும் நேரம். அடுத்த ஜன்னலில், சாக்கெட் வழியாகத் திறந்திருந்த புதுசில், எத்தனை வரிசை என்று எண்ணினேன். அத்தனையும் இருந்தன.

இருந்தால் மகிழ வேண்டும். வயிற்றுக்குள் என்னவோ கழன்று விழுந்தது. முதல் ஜன்னலில் ஸ்டேட்டஸ் பார்த்தேன். இணைப்பு: லோக்கல்ஹோஸ்ட், யூனிக்ஸ் சாக்கெட் வழியாக. வெர்ஷன்: 5.7.

யூனிக்ஸில் மைஎஸ்கியூஎல் கிளையண்ட்டுக்கு லோக்கல்ஹோஸ்ட் என்பது முகவரி அல்ல. அந்தச் சொல்லைப் பார்த்ததும் அது போர்ட் எண்ணை மதிக்காமல், வழக்கமான சாக்கெட் கோப்புக்குப் போய்விடும். எண்ணை மதிக்க வேண்டுமானால் 127.0.0.1 என்று எழுத வேண்டும், அல்லது டிசிபி என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விண்டோஸில் இந்த வழக்கம் இல்லை. அங்கே சோதித்துவிட்டு இங்கே வந்து விழுந்தவர்கள் பலர். மரியாடிபியின் பிற்காலக் கிளையண்ட்டில், போர்ட்டைச் சொன்னால் டிசிபியிலேயே போகும்படி திருத்திவிட்டார்கள். என் விரல் கூப்பிட்டது அக்காவின் கிளையண்ட்டை. பாதையில் முதலில் நிற்பவள் அவள்தானே. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ட்ரங்கேட்டுக்கு ரோல்பேக் கிடையாது. முந்தின இரவு 1 மணி டம்ப் இருந்தது. மாற்றங்களை வரிசையாகப் பதியும் பின்லாக் 5.7-இல் நாமாகப் போட்டால்தான் உண்டு, போட்டுவைத்திருந்தேன். என் மடிக்கணினியில் மூன்றாவதாக ஒரு 5.7-ஐக் கிளப்பி, டம்ப்பை ஏற்றி, பின்லாகில் அந்த ட்ரங்கேட் வரியைக் கண்டுபிடித்து, அதற்கு முந்தைய இடம்வரை ஓட்டி, அந்த ஒரே டேபிளை மட்டும் எடுத்து அம்பத்தூருக்குத் திருப்பி அனுப்பினேன். நடுவில் ஒருமுறை கரண்ட் போயிற்று. முடிந்தபோது மணி நாலரை. முதல் ஷிப்ட் ஆறு மணிக்கு. காலையில் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். "எல்லாம் வந்துடுச்சுல்ல?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றே இரண்டு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒன்றின் பெயர் பழசு, மற்றதன் பெயர் புதுசு. ஒவ்வொன்றும் தன் கிளையண்ட்டை முழுப் பாதையோடும், தன் சாக்கெட்டை முழுப் பெயரோடும் கூப்பிடும். உள்ளே போனதும் ப்ராம்ப்ட்டிலேயே பழசா புதுசா என்று நிற்கும். பாஸ்வேர்டுகள் வேறு வேறு. டேட்டாபேஸ் பெயர் மட்டும் ஒன்றாகவே இருக்கிறது; பூட்டிய பிஎச்பிக்கு அந்தப் பெயரைத் தவிர வேறு தெரியாது, புது மென்பொருளிலும் அதையே எழுதித் தொலைத்துவிட்டார்கள். பெயரில்லாமல் வெறுமனே கிளையண்ட்டைக் கூப்பிட்டால், யார் வேண்டும் என்று கேட்டு நின்றுவிடும்படி செய்திருக்கிறேன். என் கைக்கு நான் போட்ட கடிவாளம்.

இது முடிந்து நாளாகிவிட்டது. மைஎஸ்கியூஎல் 5.7-க்கு ஆதரவு 2023 அக்டோபரில் நின்றது. வேலைகளும் புதுசுக்குப் போய்விட்டன, எடைமேடை உட்பட. கணக்குப் புத்தகங்களைக் கம்பெனிகள் சட்டப்படி 8 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதற்கு டம்ப் போதும், சர்வர் வேண்டியதில்லை. நிறுத்திவிடலாம் என்று போன மாதம் லாகைத் திறந்தேன். தினமும் காலை ஒன்பதே முக்காலுக்கு ஒரே கணினியிலிருந்து ஓர் இணைப்பு. ஒரு தேடல். அவ்வளவுதான்.

ஸ்டோர்ஸில் போய்க் கேட்டேன். இருபது வருடமாக இருக்கிறவர். கொஞ்சம் சங்கடப்பட்டார்.

"ரேக் நம்பர் சார். புதுசுல அதுக்குக் காலம் வெக்கல. எந்த போல்ட் எந்த ரேக்குன்னு பழசுலதான் இருக்கு. காலைல எடுத்துக் குடுக்கணும்ல?"

"யார்கிட்டயும் சொல்லலையாண்ணே?"

"யாரு கேட்டாங்க?"

புது மென்பொருள்காரர்களுக்கு எழுதியிருக்கிறேன், ஒரு காலம் சேர்க்கச் சொல்லி. அதுவரை பழசைப் படிக்க மட்டும் என்று மாற்றி, அதன் பஃபர் பூலை 512 எம்பியாகக் குறைத்து, 3306-இலேயே விட்டுவைத்திருக்கிறேன்.