பெரியப்பா காதுக்கும் சேர்த்து ஒரு ப்ரீஆம்ப்

எங்கள் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் என்றால் அது ரேடியோ செட்டுக்காரரிடம் இருப்பது. அரியலூர் பக்கம் ஒரு கிராமத்தில் பெரியப்பா முப்பது வருஷம் ரேடியோ செட் வைத்திருந்தார். மாரியம்மன் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாத்துக்கும் அவர் குழாய்தான். பெரம்பலூர் வீட்டுக்கு ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கர் வாங்கிவிட்டு, அதுக்கேத்த ஆம்ப் தேடுறேன் என்று சொன்னதும் அவர் கேட்டது: "எத்தன வாட்ஸுப்பா?"

சரியான கேள்வி, ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அவருடைய குழாய் 1 வாட்டுக்கு, 1 மீட்டர் தள்ளி, 106 டெசிபல் போடும். என் ஸ்பீக்கர் அதே 1 வாட்டுக்கு 86. இருபதுதானே என்று நினைக்கக்கூடாது. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பவர் பத்து மடங்கு வேண்டும். அவர் 1 வாட்டில் முடிக்கிற வேலைக்கு எனக்கு 100 வாட். "அப்ப உன் பொட்டி சோம்பேறிப் பொட்டி" என்றார். உண்மைதான்.

அடுத்தது ஓம்ஸ். அவர் ஊர்க்கோடிவரை அரை கிலோமீட்டர் ஒயர் இழுப்பார். அவ்வளவு தூரத்துக்கு 8 ஓம்ஸ் லைனில் அனுப்பினால் பாதிக்குமேல் ஒயரிலேயே போய்விடும். அதனால் 100 வோல்ட் லைன், குழாய்க்கு ஒரு டிரான்ஸ்பார்மர். என் வீட்டில் ஒயர் 3 மீட்டர். இங்கே சிக்கல் வேறு. மேலே 8 ஓம்ஸ் என்று எழுதியிருக்கிற ஸ்பீக்கர், சில சுருதிகளில் 4 ஓம்ஸுக்கும் கீழே இறங்கும். அப்போது கரண்ட் கொடுக்கத் திராணியில்லாத ஆம்ப் திணறும். 8 ஓம்ஸில் 50 வாட் என்றால் 4 ஓம்ஸில் எவ்வளவு என்று பாருங்கள். 100-ஐ நெருங்கினால் நம்பி எடுக்கலாம்.

தனி ப்ரீஆம்ப் வேண்டுமா என்று சென்னையில் ஒரு கடையில் ரெண்டு மணி நேரம் வாதாடினோம். டிஜிட்டல் ப்ளேயரிலிருந்தே 2 வோல்ட் வருகிறது. பெரும்பாலான பவர் ஆம்ப்களுக்கு அதுவே போதும். ரெக்கார்டு சுற்றுகிறவர்களுக்கு ஃபோனோ ஸ்டேஜ் கட்டாயம், நான் சுற்றுவதில்லை. கடைக்காரர் காட்டிய விலை உயர்ந்த ப்ரீஆம்பில் பாஸ், ட்ரெபிள் திருகே இல்லை. சுத்தபத்தமான ஆடியோக்காரர்களுக்கு அந்தத் திருகு தீட்டு மாதிரி.

ஆனால் பெரியப்பாவின் ஆடியோகிராமை நான் பார்த்திருக்கிறேன். திருச்சியில் எடுத்தது. 2000 ஹெர்ட்ஸ்வரை பரவாயில்லை. 4000-ல் கோடு கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்குகிறது. இரைச்சலில் வேலை பார்த்தவர்களின் காது அந்தப் பக்கம்தான் முதலில் போகும். முப்பது வருஷமும் குழாய்க்கு அடியில்தான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ட்ரெபிள் திருகு உள்ள இன்டக்ரேட்டட் ஆம்ப் ஒன்றை எடுத்தேன். ப்ரீஆம்பும் பவரும் ஒரே பெட்டி, விலையும் குறைவு. அவர் வந்து உட்கார்ந்ததும் ஒரு வயலின் போட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"வில்லு இழுக்கற சத்தமே வரலியே?"

ட்ரெபிளைக் கடைசிவரை திருகினேன். என் காதில் கம்பி கூசியது. அவர் தலையை லேசாகச் சாய்த்து, "ம்... இப்ப லேசா வருது, அப்படியே வை" என்றார்.